கெட்டில் விரிகுடாவின் பதினான்கு சங்கிலிகள்

ஹோபார்ட்
19 ஜூலை 1999

க்ளைவ்,

இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிட்டேன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். அதனால் கடிதம். ஆற்றின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குத் தபால்தலை ஒட்டுகிற நிலைமைக்கு நாம் வந்திருக்கிறோம். படிக்காமல் அடுப்பில் போடுவாய் என்று தெரியும். முதல் பக்கத்தையாவது படித்துவிட்டுப் போடு.

நேற்றுக் காலை கெட்டில் விரிகுடாவில் முக்குளித்தேன். பதினோரு டிகிரித் தண்ணீர். என் மீன்களைத் தேடி இறங்கிய எனக்கு முதலில் தட்டுப்பட்டது ஒரு சங்கிலி. ஒவ்வொரு கண்ணியும் என் உள்ளங்கை அகலம். அதைப் பிடித்துக்கொண்டே போனேன், அதன் முனையில் ஒரு கான்கிரீட் கட்டை. கட்டையின் தலையில் உன் பட்டறையின் கொக்கிக் குறி. அப்படிப் பதினான்கு கட்டைகள், பதினான்கு சங்கிலிகள், மேலே பதினான்கு பாய்மரப் படகுகள். காற்று திரும்பும்போதெல்லாம் படகு சுற்றுகிறது, படகோடு சங்கிலியும் தரையைச் சுற்றி வருகிறது. ஒவ்வொரு கட்டையைச் சுற்றியும் முப்பதடி வட்டம், கத்தி வைத்து மழித்த தலை மாதிரி. அதில் ஒரு புல் இல்லை, ஒரு சிப்பி இல்லை. நாம் சின்ன வயதில் மிதித்து விளையாடிய பீச்சிகள், காம்போடு நின்று தண்ணீர் பீச்சுமே, அவற்றில் ஒன்றுகூட இல்லை.

கைமீனைப் பற்றி உனக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அப்பாவின் சிப்பி வாரும் படகில் அது வலையோடு கூடை கூடையாக வரும். நீயும் நானும் மேல்தட்டில் வரிசையாக விட்டு, எது முதலில் நடந்து போகிறது என்று பந்தயம் கட்டுவோம். இன்று உலகத்தில் வேறெங்கும் அது இல்லை, இந்த ஆற்றின் வாயில் மட்டும்தான். அதுவும் சில நூறு இருந்தால் அதிகம். விரல் நீளம், இரண்டு கை, உடம்பு முழுக்கப் புள்ளி. நீந்துவதைவிட நடப்பதே அதற்குச் சுலபம். மற்ற மீன்களின் முட்டையும் குஞ்சும் நீரோட்டத்தில் எவ்வளவோ தூரம் போகும். இதன் குஞ்சு பொரியும்போதே முழு மீனாக, கைகளோடு, அரிசிமணி அளவில் வெளியே வந்து அம்மா நின்ற இடத்திலேயே நடக்கத் தொடங்கும். அதற்குப் பிறகும் அதிக தூரம் போகாது. எனவே கெட்டிலில் அழிந்தால், வேறு இடத்திலிருந்து வந்து நிரப்ப ஆள் கிடையாது. அத்தோடு சரி.

போன ஜூலையில் முப்பத்தொன்று எண்ணினேன். ஒவ்வொன்றின் புள்ளியும் வேறு, நம் கைரேகை போல. எல்லாவற்றுக்கும் என் நோட்டில் படம் இருக்கிறது. நேற்று இரண்டு தொட்டிக் காற்று தீரும்வரை தேடியும் ஏழுதான் கிடைத்தன.

இனி நான் சொல்லவந்தது. கிறிஸ்துமஸ் அன்று உன் சாப்பாட்டு மேஜையில், அம்மாவின் தட்டில் ஆட்டுக்கறியை வெட்டிப் போட்டபடி நான்தான் சொன்னேன்: "கெட்டில்ல, பழைய படகுக் கொட்டகைக்கு நேரா, ஆறு மீட்டர் ஆழத்துல இருக்குடா. குளிக்கிற தொட்டி மாதிரி அமைதியான தரை. வெளிய சொல்லிடாத." ரொட்டியால் தட்டைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினாய். அந்த இடம் தெரிந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். ஐந்தாவது ஆள் நீ.

செப்டம்பரில் முட்டையிடும். அதற்குள் பதினான்கையும் தூக்கு.

நொலீன்

*

சவுத் ஆர்ம்
25 ஜூலை 1999

நொலீன்,

அடுப்பில் போடவில்லை. படகில் வைத்து நெவிலுக்குப் படித்துக் காட்டினேன். இருபது வருஷமாக என்னோடு சங்கிலி இழுக்கிறவன், அவனுக்கும் பங்கு உண்டு. கேட்டுவிட்டு, "மீனுக்குக் கை இருக்குன்னு சொல்றாங்க, நமக்கு மூளை இல்லன்னு சொல்றாங்க. ரெண்டையும் ஒரே கடிதாசில முடிச்சிட்டாங்கப்பா" என்றான்.

என்னிடம் அனுமதிக் கடிதம் இருக்கிறது. முத்திரையும் கையெழுத்தும் இருக்கின்றன. கெட்டில் பாய்மரக் கிளப் கேட்டது, அலுவலகம் ஒத்துக்கொண்டது, நான் போட்டேன். இருபத்தாறு வருஷமாக எனக்குத் தெரிந்த தொழில் இது. படகை வைத்திருப்பவனுக்கு அதைக் கட்டிவைக்க ஓர் இடம் வேண்டும். புயலில் அவிழ்ந்து போய்ப் பாறையில் மோதினால் உன் மீன் வந்து காப்பாற்றாது.

நான்தான் காட்டிக்கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறாய். கிளப் செயலாளர் ரோலண்ட் பெய்ட்ஸ் எங்கே நல்ல தரை என்று கேட்டார். கெட்டில் என்றேன். அது உன்னிடம் கேட்டதால் தெரிந்ததா, இந்த ஆற்றிலேயே கிடந்ததால் தெரிந்ததா, எனக்கே தெரியவில்லை. உண்மையைத்தான் சொல்கிறேன். வேண்டுமானால் நம்பு.

முப்பத்தொன்று ஏழானதற்கு என் சங்கிலிதான் காரணம் என்று எப்படித் தெரியும்? கப்பல்கள் வயிற்றில் நிரப்பிவந்து இங்கே கொட்டுகிற தண்ணீரோடு வடக்கிலிருந்து வந்த நட்சத்திர மீன்கள் ஆறு முழுக்கப் பாய் விரித்த மாதிரிக் கிடக்கின்றன. உன் பீச்சிகளை அவை தின்பதில்லையா? அவற்றின் விலாசம் கிடைக்காததால் எனக்குக் கடிதமா?

இன்னொன்று. அம்மா போய் நாலு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு நீ எனக்கு எழுதும் முதல் கடிதம் இது. இத்தனை பெரிய கடிதத்தில் அம்மாவுக்கு ஒதுக்கிய இடம் ஒரு தட்டு ஆட்டுக்கறி. நான் நன்றாக இருக்கிறேனா என்று கேட்கவில்லை. அவள் படுத்துக்கிடந்த ஒன்பது வாரத்தில் நீ வந்தது இரண்டு ஞாயிறு. அதை நான் எந்த நோட்டிலும் எழுதி வைக்கவில்லை, ஆனாலும் ஞாபகம் இருக்கிறது.

தூக்க மாட்டேன்.

க்ளைவ்

*

ஹோபார்ட்
3 ஆகஸ்ட் 1999

க்ளைவ்,

நீ தூக்க மாட்டேன் என்றதால் கிளப்புக்கே போனேன். ரோலண்ட் பெய்ட்ஸ் தேநீர் கொடுத்தார், பிஸ்கட் கொடுத்தார். கடைசிவரை சிரித்துக்கொண்டே இருந்தார்.

"இவ்வளவு தண்ணி இருக்கே மேடம். உங்க மீனைக் கொஞ்சம் தள்ளிப் போகச் சொல்லக்கூடாதா?"

"கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகணும். நீங்க வரீங்களா?"

அதற்கும் சிரித்தார். அவரிடம் மேற்கொண்டு பேசிப் பயனில்லை என்று எழுந்து வந்துவிட்டேன்.

நேற்று அனுமதி அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். என் எண்ணிக்கை, படங்கள், வட்டங்களின் அளவு எல்லாம் இணைத்திருக்கிறேன். கட்டை போட்டவர் யார் என்று படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. உன் பெயரை எழுதினேன். பேனாவை மூன்று தடவை கீழே வைத்தேன், பிறகு எழுதினேன். ஊரார் வாயிலிருந்து நீ கேட்கக்கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். நன்றியை எதிர்பார்க்கவில்லை.

நட்சத்திர மீன்கள் தின்கின்றன, ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் மிச்சமிருக்கும் இடம் முக்கியம். நீ ஒரு நாளாவது நின்று பார்த்திருந்தால் தெரியும். பெண்மீன் ஒரு பீச்சியின் காம்பைத் தேர்ந்தெடுத்து, அதன் அடியில் நூறு முட்டை போல நூலால் கோத்துச் சுற்றிவைக்கும். பிறகு ஏழு, எட்டு வாரம் அதை விட்டு அசையாது. துடுப்பால் விசிறும். கையால் தொட்டுத் தொட்டுப் பார்க்கும். பெரிதாக ஏதாவது வந்தால் ஓடாது. ஓடுவது எப்படி என்றே அதற்குத் தெரியாது. அப்படியே நிற்கும். சங்கிலி வரும்போதும் நிற்கும். எனக்குத் தூக்கம் போனது அதனால்தான்.

அம்மாவை இதில் இழுக்காதே. அந்த ஒன்பது வாரத்தைப் பற்றி நான் பேசாமல் இருப்பது உன்னால் அல்ல, உனக்காக.

நொலீன்

*

சவுத் ஆர்ம்
16 ஆகஸ்ட் 1999

நொலீன்,

சந்தோஷப்படு. அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது. கெட்டிலில் மட்டுமல்ல, ஆறு முழுக்க நான் புதிதாக ஒரு கட்டைகூடப் போடக்கூடாது. விசாரணை நவம்பர் பதினாறு. அதுவரை பதினான்கும் போட்டது போட்டபடி கிடக்கவேண்டுமாம், யாரும் அங்கே இறங்கக்கூடாதாம், நீ உட்பட. உன் மீன் முட்டையிடும் நேரம் முழுக்க என் சங்கிலி அங்கேயே சுற்றும். எழுதிக்கொடுத்து நீ வாங்கிவந்தது இது.

நெவிலை வீட்டுக்கு அனுப்பினேன். முதுகு போன ஐம்பத்தெட்டு வயது ஆளை இனி யார் வேலைக்கு எடுப்பார்கள்? கையுறையைக் கழற்றிச் சங்கிலி இழுக்கும் இயந்திரத்தின் மேல் மடித்து வைத்துவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை மதுக்கடைக்குப் போனேன். போயிருக்கக் கூடாது. உள்ளே நுழைந்ததும் ஒருவன் தரையில் கையூன்றித் தவழ்ந்து வந்து, "ஐயா, என்மேல சங்கிலி போட்றாதீங்க, உங்கக்காகிட்ட சொல்லிடுவேன்" என்றான். கடை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது? பாதிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

மீன் ஏழு வாரம் முட்டையை விட்டு அசையாது என்று எனக்குப் பாடம் எடுக்கிறாய். ஒன்பது வாரம் நான் அசையவில்லை, நொலீன். குளிக்கவைத்தேன். ஸ்பூனால் சூப் ஊட்டினேன். பாதி வழியும், துடைப்பேன். படுக்கையைத் திருப்பிப் போட்டேன். கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் "நொலீனாடா?" என்று கேட்பாள். "இல்லம்மா, அவ கடல்ல இருக்கா" என்பேன். நீ கடலில் இல்லை என்று எனக்குத் தெரியும். பிப்ரவரியில் பாதி நாள் உன் கார் உன் வீட்டு வாசலில்தான் நின்றது. நெவில் பார்த்துவிட்டு வந்து சொன்னான். உனக்காக அவளிடம் நான் பொய் சொன்னேன். ஒரு மீன் நின்ற இடத்துக்கு நாளும் மணியும் போட்டு வைத்திருக்கிறாய். பெற்றவள் கிடந்த இடத்துக்கு வர உனக்கு வழி தெரியவில்லை.

எனக்காகப் பேசாமல் இருக்கிறாயாம். பேசிவிடு, கேட்கிறேன். அதற்குப் பிறகு எழுதாதே.

க்ளைவ்

*

ஹோபார்ட்
21 ஆகஸ்ட் 1999

க்ளைவ்,

கேட்டாய். சொல்கிறேன்.

நான் வந்தது இரண்டு ஞாயிறு மட்டும் அல்ல. பிப்ரவரி பத்தாம் தேதி, புதன்கிழமையும் வந்தேன். அன்று நீ படகுக்குப் போயிருந்தாய். பக்கத்து வீட்டு அம்மாள் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள், அவளைக் காய்கறி வாங்க அனுப்பிவிட்டு அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடு நொலீன்."

"இங்க க்ளைவ் நல்லாத்தானேம்மா பாத்துக்கறான்."

"நல்லாத்தான் பாத்துக்கறான். அவன் முன்னாடி என்னால கத்த முடியல. கத்தினா அவன் மூஞ்சி உடைஞ்சு போகுது. நாள் பூரா பல்லைக் கடிச்சிட்டுக் கிடக்கறேன். வலிக்குதுடீ. ஊசி போடற இடத்துக்குக் கொண்டு போ. ஒரு நாளாவது நல்லாக் கத்திட்டுச் சாகறேன்."

இதுதான் அவள் சொன்னது. ஒரு வார்த்தை நான் சேர்க்கவில்லை. ஆஸ்பத்திரியில்தான் அப்பாவின் உயிர் போனது, அதனால் அம்மாவை அங்கே விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாய். நர்ஸ் வீட்டுக்கு வருகிறேன் என்றபோதும் வேண்டாம் என்றாய். ஊசியைக் கண்டால் உனக்குப் பயம், உனக்கு. வலி அவளுக்கு.

நான் என்ன செய்தேன் என்று கேள். "க்ளைவ்கிட்ட பேசறேம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். காரில் உட்கார்ந்தேன். உன்னிடம் பேசவில்லை. பேசினால் நீ அவளை இழுத்துப் பிடித்துக்கொண்டு அழுவாய், அவள் உனக்காக "வேணாம், இங்கயே இருக்கேன்" என்பாள் என்று எனக்குத் தெரியும். பேசாமல் அவளைத் தூக்கிக்கொண்டு போகவும் தைரியம் வரவில்லை. திரும்பவும் வந்தால் அவள் திரும்பவும் கேட்பாள். அதனால் வரவில்லை. என் கார் என் வாசலில் நின்றது உண்மை. அந்தக் காருக்குள் பாதி நேரம் நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நெவில் பார்க்கவில்லை போலிருக்கிறது.

நீ அவளைக் காத்தாய் என்று ஊரெல்லாம் சொல்கிறது. சொல்லட்டும் என்றுதான் இருந்தேன். நீதான் கேட்டாய்.

நொலீன்

*

ஹோபார்ட்
3 அக்டோபர் 1999

அன்புள்ள க்ளைவ்,

ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. எழுதாதே என்றாய், எழுதுகிறேன்.

அந்தக் கடிதத்தைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வீடு வரும்வரை எனக்கு நன்றாக இருந்தது. கதவைத் திறந்ததும் நன்றாக இல்லை. திரும்ப ஓடினேன். தபால் வண்டி வந்து எடுத்துப் போயிருந்தது. அதில் எழுதியது உண்மை. ஆனால் உன்மேல் எறிவதற்காக அதை எடுத்தேன். அவள் என்னிடம் சொன்னது அதற்காக அல்ல.

பதினோரு வருஷத்தில் நான் தண்ணீரில் இல்லாத முதல் செப்டம்பர் இது. தினமும் சாயங்காலம் கெட்டிலுக்குமேல் இருக்கிற சாலையில் காரை நிறுத்திப் பார்க்கிறேன். படகுகளைக் காணவில்லை. பதினான்கில் ஒன்றுகூட இல்லை. பெய்ட்ஸைக் கேட்டால் ஏதோ பழுது, உங்கள் தம்பியைக் கேளுங்கள் என்று எரிந்து விழுகிறார். என்ன நடக்கிறது? சொல்ல விருப்பமில்லாவிட்டால் சொல்லாதே. சாப்பிடுகிறாயா என்று மட்டுமாவது எழுது.

நொலீன்

*

சவுத் ஆர்ம்
8 நவம்பர் 1999

நொலீன்,

சாப்பிடுகிறேன்.

உன் ஆகஸ்ட் கடிதத்தைப் படகில் வைத்துப் படித்தேன். தண்ணீரில் போடத்தான் எழுந்தேன். போடவில்லை, மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

உனக்கு ஒன்று தெரியவேண்டும். அம்மா என்னையும் கேட்டாள். உன்னைக் கேட்டது ஒரு தடவை. என்னைத் தினமும் காலையில், தேநீர் கொண்டுபோகும்போது. "ஆஸ்பத்திரிக்குப் போலாமாடா க்ளைவ்?" நான் "நாளைக்குப் போலாம்மா" என்பேன். ஒன்பது வாரமும் அதையே சொன்னேன். ஒரு நாள் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன், அங்கே ஒரு பெண் "விலாசம் சொல்லுங்க" என்றாள், வைத்துவிட்டேன். கடைசி வாரம் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்தது. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. நீ எழுதியது எனக்குப் புதுச் செய்தி இல்லை. இன்னொருவருக்கும் தெரியும் என்பதுதான் புதிது. ஆறு மாதமாக உன்மேல் எனக்கிருந்த கோபத்தில் பாதி அதுதான் என்று நினைக்கிறேன். மீதிப் பாதி உன்னைச் சேர்ந்தது, அதை நீ வைத்துக்கொள்.

இனி கெட்டில்.

செப்டம்பர் பன்னிரண்டு, ஞாயிறு. உத்தரவை மீறி இறங்கினேன். நல்ல எண்ணத்தில் இல்லை. அங்கே ஒரு மீனும் இல்லை, நொலீன் கதை கட்டுகிறாள் என்று விசாரணையில் சொல்லவேண்டும், அதற்காக. நெவில் மேலே இருந்து காற்றுக்குழாயைப் பார்த்துக்கொண்டான். கூலி இல்லை என்று சொல்லித்தான் கூப்பிட்டேன். "குடும்பமே பைத்தியம்" என்றபடி வந்தான்.

ஒன்பதாம் கட்டைக்குப் பக்கத்தில் அவள் இருந்தாள், உன் கைமீன். வட்டத்தின் ஓரத்தில் தப்பிப் பிழைத்த ஒரே ஒரு பீச்சி, அதன் காம்பில் முட்டை. அவள் என்னைப் பார்த்தாள். அசையவில்லை. சங்கிலிக்கும் அவளுக்கும் நடுவில் என் முழங்கை நீளம் இருக்கும். அப்போது மேலே காற்று திரும்பியது. சங்கிலி நகரும் சத்தம் தண்ணீருக்குள் எப்படிக் கேட்கும் என்று உனக்குத் தெரியும். எனக்குத் தெரியாது, நான் எப்போதும் போட்டுவிட்டு மேலே வந்துவிடுகிறவன். மணலை அரைத்துக்கொண்டு வந்தது. நான் மண்டியிட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஒரு பல்மருத்துவருடைய படகு, நாலு டன். இழுக்கிறது. விட்டால் முடிந்தது. குழாயை மூன்று தடவை இழுத்து நெவிலுக்குச் சைகை கொடுத்தேன். அவனுக்கு என்ன புரிந்ததோ, பல்மருத்துவர் படகுக்குத் தாவி அதை அவிழ்த்து எங்கள் படகில் கட்டினான். சங்கிலி செத்துப்போய்க் கையில் விழுந்தது. அந்த முதுகோடு எப்படித் தாவினான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு மிதவைகளைக் கட்டிச் சங்கிலியைத் தரையிலிருந்து நேராக மேலே தூக்கி நிறுத்தினேன். படகு கட்டினாலும் அது இனி தரையைத் தொடாது. இத்தனை வருஷத்தில் ஏன் ஒரு தடவைகூட அப்படிச் செய்யவில்லை என்று கேட்காதே. யாரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

ஐந்து நாளில் பதினான்கு சங்கிலிக்கும் மிதவை கட்டினேன், பொரியும்வரை எதற்கும் இருக்கட்டும் என்று பதினான்கு படகையும் என் துறைக்கு இழுத்துவந்தேன். பெய்ட்ஸ் வந்து கத்தினார்.

"யாரைக் கேட்டு அவுத்தே?"

"சங்கிலில ஒரு குறை இருக்கு."

"என்ன குறை?"

"தரையில கிடக்குது."

இனி இந்த ஆற்றில் எந்தக் கிளப்பும் எனக்கு வேலை தராதபடி பார்த்துக்கொள்வாராம். செய்யக்கூடியவர்தான்.

ஒன்றை மறைக்கக் கூடாது. பதின்மூன்றாம் கட்டைக்கு நான் போனது நாலாம் நாள். அங்கேயும் ஒருத்தி இருந்தாள். காம்பு முறிந்து கிடந்தது, முட்டைகள் மணலோடு மணலாக அரைபட்டிருந்தன. அவள் அந்த முறிந்த அடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அடுத்த நாளும் நின்றாள். அதற்கு அடுத்த நாள் இல்லை. நேராகப் பதின்மூன்றுக்குப் போயிருந்தால் என்று தினமும் நினைக்கிறேன். உன்னிடமே சொல்கிறேன், அது நட்சத்திர மீன் செய்ததல்ல.

ஒன்பதில் இருந்தவளைத் தினமும் காலையில் போய்ப் பார்த்தேன். அக்டோபரில் இரண்டு நாள் புயல், அப்போது மட்டும் போகவில்லை, வீட்டில் நிற்கவும் முடியவில்லை. நீ எழுதியதெல்லாம் சரி. விசிறுகிறாள், தொட்டுப் பார்க்கிறாள். என் கண்ணெதிரே இரை நடந்துபோகும்போதுகூட அவள் இடத்தை விட்டுப் போய் நான் பார்க்கவில்லை. நட்சத்திர மீன்கள் வரும். பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வருவேன், ஒரு நாள் இருபத்திரண்டு. நான் என்ன செய்கிறேன் என்று அவள் கவனித்ததாகவே தெரியவில்லை.

போன புதன்கிழமை பொரிந்தன. அரிசிமணி என்று எழுதியிருந்தாய், சரியாக அதே அளவு, அதற்கும் இரண்டு கை. கீழே இறங்கி மணலில் நடந்தன. அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு படகுக் கொட்டகைப் பக்கமாக நடந்து போனாள். குஞ்சுகளைப் பிடித்து வைக்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. மெலிந்திருந்தாள். முகமூடிக்குள் அழக்கூடாது, நொலீன். தண்ணீர் வெளியே போக வழியில்லை, மூக்குவரை நிறைந்துவிடுகிறது. மேலே வந்ததும் நெவில் பார்த்துவிட்டு, "கண்ணாடி ஒழுகுதா?" என்றான். "ஆமா" என்றேன்.

பதினாறாம் தேதி விசாரணையில் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். உத்தரவை மீறி இறங்கியது, படகுகளை அவிழ்த்தது, பதின்மூன்று, எல்லாம். உன் எண்ணிக்கை சரி என்றும் சொல்வேன். கட்டை போடும் உரிமம் போகலாம். நெவில் கவலைப்படாதே என்கிறான், கவலைப்படுகிறேன்.

அங்கே என் பக்கத்தில் வந்து உட்காராதே. அத்தனை பேர் முன்னால் என்னிடம் அன்பாக ஏதாவது பேசிவிடாதே, என்னால் முடியாது. எதிர்வரிசையில் உட்கார்ந்து உன் பங்கைச் சொல். முடிந்ததும் வெளியே வாசலில் நில். வண்டியைக் கொண்டுவருகிறேன். எங்கே போவது என்று தெரியவில்லை, எங்காவது போய் நிறுத்தி, அந்த ஒன்பது வாரத்தைப் பற்றிக் கத்தவேண்டியதை இரண்டு பேரும் கத்திவிடலாம். எனக்கு இன்னும் கோபம் போகவில்லை. உனக்கும் போயிருக்காது. போகட்டும் என்று காத்திருக்காதே, அதோடேயே வா.

உன் தம்பி,
க்ளைவ்